கை திறந்த கண்

"இடைக்காலம் இருண்ட காலம். அதன்பின் வந்தது மறுமலர்ச்சிக் காலம். அதன்பின் புத்துலகம் பிறந்தது."

ஐந்நூறு ஆண்டு உலக வரலாறு, பள்ளிப் பாடத்தில் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வகுப்பறையில் நின்று சொல்லிக்கொடுக்கும் நாமும், கேட்டு எழுதிக்கொள்ளும் மாணவரும், மணியோசை கேட்டதும் ஏட்டை மூடிவிடுகிறோம். இருள் எப்படி விலகிற்று? விளக்கை ஏற்றியவர் யார்? எண்ணெய் எவருடையது? திரி எவருடையது? ஏற்றிய விளக்கை ஊதி அணைக்க முனைந்தவர் எவர்? இந்தக் கேள்விகள் எழுவதில்லை. எழுந்தால் பாடம் மணிக்குள் முடியாது!

கலை வரலாறு என்றால் மேலும் சுருக்கம். லியோனார்டோ தீட்டிய மோனா லிசா புன்னகைத்தாள். மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீது நிமிர்ந்து நின்றான். மன்னர் மகிழ்ந்தனர், மதகுருமார் வாழ்த்தினர், கலை வளர்ந்தது! இவ்வளவுதான் என்று எண்ணிவிடுகிறோம். அந்தப் புன்னகைக்கும் அந்த நிமிர்வுக்கும் பின்னே நெடியதொரு போராட்டம் நடந்திருக்கிறது. ஏட்டுக்கும் கைக்கும் இடையே எழுப்பப்பட்டிருந்த சுவரை இடித்த போராட்டம் அது. சுவர் இடிந்த இடத்தில்தான் கண் திறந்தது. கண் திறந்தபோதுதான் ஆதிக்கம் அஞ்சிற்று. இந்த வரலாற்றை இளைஞர் உலகின் முன் வைக்க விரும்புகிறோம்.

ஓதும் கலையும் உழைக்கும் கலையும்

இடைக்கால ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்கள் கற்கத் தகுந்த கலைகள் ஏழு என்று வரையறுத்தன. இலக்கணம், சொல்லாட்சி, தருக்கம், எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் ஆகியவையே அந்த ஏழு. இலத்தீனில் அவற்றுக்கு இட்ட பெயரின் பொருள், 'சுதந்திர மனிதனுக்கு உரிய கலைகள்' என்பது.

ஓவியம் எங்கே? சிற்பம் எங்கே? வானளாவ எழுந்த கோயில்களைக் கட்டிய கட்டடக் கலை எங்கே? பட்டியலில் இல்லை! அவை கையால் செய்யப்படுபவை, ஆகவே கீழானவை. இசைக்கு இடம் இருந்ததே என்பீர்கள். ஆம், எண்களின் விகிதமாக ஏட்டில் இருந்த இசைக்கு இடம் இருந்தது. நரம்பை மீட்டிப் பாடிப் பிழைத்தவனுக்கு இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் பொயித்தியஸ் என்னும் அறிஞர் வகுத்த இலக்கணப்படி, அறிவால் இசையை ஆராய்பவனே இசைவல்லான். வாசிப்பவன் வெறும் ஏவலாள்.

ஓதுபவன் மேல், உழைப்பவன் கீழ். இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. இங்கே அதைப் பிறப்பின் மீதே ஏற்றிப் பூட்டினர். அங்கே பட்டத்தின் மீதும் பாஷையின் மீதும் ஏற்றிப் பூட்டினர். பூட்டு வேறு; அடைபட்ட அறிவு ஒன்றே.

இந்தப் பூட்டினால் விளைந்த கேட்டை மருத்துவக் கூடத்தில் காணலாம். உயர்ந்த ஆசனத்தில் பேராசிரியர் அமர்ந்திருப்பார். அவர் கையில் 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவரின் நூல். கீழே மேசைமீது பிணம். அறுப்பவன், நாவிதத் தொழில் செய்யும் அறுவையாளன். பேராசிரியர் இலத்தீனில் ஓதுவார். அறுவையாளனுக்கு இலத்தீன் தெரியாது. அறுவையாளன் குடலையும் எலும்பையும் தொடுவான், பேராசிரியர் தொடமாட்டார். படிப்பவன் தொடுவதில்லை, தொடுபவன் படிப்பதில்லை! கேலனோ பெரும்பாலும் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து மனித உடலைப் பற்றி எழுதியவர். அவர் செய்த பிழை ஆயிரம் ஆண்டுக்கு மேல் அப்படியே ஓதப்பட்டு வந்தது. ஏட்டில் ஒன்று, மேசையில் ஒன்று. இரண்டும் முரண்பட்டபோது ஏடு வென்றது, உண்மை தோற்றது.

கம்பளி நகரின் கதை

இத்தாலியிலே புளோரன்சு என்றொரு நகரம். கம்பளி நெய்தும் காசு கடன் கொடுத்தும் கொழுத்த நகரம். அங்கே தொழிற்குழுக்கள் இருந்தன. குழுவில் இடம் பெற்றவனுக்கே நகர ஆட்சியில் குரல் உண்டு. கம்பளியைச் சிக்கெடுத்தும் அடித்தும் வெளுத்தும் வாழ்ந்த ஏழைப் பாட்டாளிகளுக்குத் தமக்கெனக் குழு அமைக்கும் உரிமையும் இல்லை. 1378-ஆம் ஆண்டு அவர்கள் பொங்கி எழுந்தனர். 'சியோம்பி' என்று இகழப்பட்ட அந்த மக்கள் நகர மாளிகையைக் கைப்பற்றினர். தமக்கென ஒரு குழுவையும் கண்டனர். சில வாரங்களுக்குள் செல்வர் கூட்டம் அதைக் கலைத்துவிட்டது.

மறுமலர்ச்சியின் தொட்டில் என்று போற்றப்படும் நகரம் இதுதான். அந்நகரின் பெருங்கோயிலைக் கட்டும் பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? கம்பளி வணிகர் குழுவிடம்! விண்ணை முட்டிய அந்த மாடத்தைக் கட்டிய பொன்னிலே, கம்பளி சிக்கெடுத்த விரல்களின் வேர்வையும் கலந்திருந்தது.

அந்நகரில் ஓவியன் எந்தக் குழுவைச் சேர்ந்தவன்? மருத்துவரும் மருந்து வணிகரும் இருந்த குழுவைச் சேர்ந்தவன். வண்ணப் பொடிகளை மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும். ஆகவே அவன் அங்கே ஒட்டிக்கொண்டான். பொற்கொல்லன் பட்டு வணிகர் குழுவில் இருந்தான். பிலிப்போ பிரூனெலெஸ்கி அத்தகைய பொற்கொல்லர். பெருங்கோயிலின் எண்கோண அடித்தளம் எழும்பி நின்றது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 45 மீட்டர். அதன்மேல் மாடம் எழுப்பும் வழி அறியாது நகரமே திகைத்தது. அத்தனை அகலத்துக்குத் தரையிலிருந்து சாரம் தாங்க மரமும் இல்லை, முறையும் இல்லை. 1418-இல் போட்டி அறிவித்தனர். தரையிலிருந்து சாரமே இல்லாமல் கட்டிக்காட்டுவேன் என்றார் பிரூனெலெஸ்கி. நகைத்தனர்.

1420-இல் பணி தொடங்கியது. செங்கற்களை மீன் முள்ளைப்போல் சாய்த்தும் நிமிர்த்தியும் அடுக்கி, ஒவ்வொரு வளையமும் தன்னைத் தானே தாங்குமாறு செய்தார். எருதுகள் சுற்றும் பாரந்தூக்கியைத் தாமே வகுத்தார்; எருதுகளைத் திருப்பி ஓட்டாமலே சுமையை ஏற்றவும் இறக்கவும் அதில் வழி செய்தார். 1436-இல் மாடம் நிறைவுற்றது. ஏறத்தாழ 40 இலட்சம் செங்கற்கள்! இத்தனைக்கும் இடையில், 1434-இல், கொத்தர் குழுவுக்குச் சந்தா கட்டவில்லை என்று அவரைச் சிறையிலும் தள்ளினர். மாடம் கட்டியவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. செங்கல் சுமந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், உயரத்தில் நின்று உயிரைப் பணயம் வைத்தவர் பெயரைச் சொல்ல எந்தக் கல்வெட்டு நிற்கிறது?

நீலத்தின் விலை

பணத்தின் கணக்கையும் பார்ப்போம். 1485-இல் கிர்லாண்டாயோ என்னும் ஓவியருக்குப் புளோரன்சின் அனாதைக் குழந்தைகள் இல்லம் ஓர் ஓவியம் தீட்டும் பணியைக் கொடுத்தது. குழந்தை ஏசுவை மூன்று ஞானியர் வணங்கும் காட்சி. அதற்கு எழுதிய ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. கூலி 115 பொற்காசு. தீட்டும் நீலம், அவுன்சு ஒன்றுக்கு 4 பொற்காசு மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று அதிலே விதி! பக்தியின் ஆழத்தை அவுன்சுக் கணக்கில் நிறுத்தனர்.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது? இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் படக்‌ஷான் மலைச் சுரங்கங்களில் வெட்டிய நீலக்கல்லை அரைத்துப் பெற்றது. 'கடலுக்கு அப்பாலிருந்து வந்தது' என்பதே அதன் பெயரின் பொருள். கன்னி மரியாளின் ஆடையை ஒளிரச் செய்த நீலம், இசுலாமியர் வாழும் மலையில் வெட்டப்பட்டு, இசுலாமிய வணிகர் கைமாறி, கிறித்தவக் கோயிலுக்குள் நுழைந்தது. தூய பண்பாடு, கலப்பற்ற பண்பாடு என்று மார்தட்டுவோர் இந்த ஒரு வண்ணத்தின் பயணத்தை எண்ணிப் பார்க்கட்டும்!

வண்ணம் மட்டுமா கடல் கடந்து வந்தது? கண்ணைப் பற்றிய கல்வியும் அப்படித்தான் வந்தது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர் இபின் அல் ஹைத்தம். 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒளியையும் பார்வையையும் பற்றி ஏழு பகுதிகளில் பெருநூல் எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று முன்னோர் பலர் கருதினர். இல்லை, ஒளிதான் பொருளில் பட்டுக் கண்ணுக்குள் வருகிறது என்று ஆய்ந்து காட்டினார் அவர். இருட்டறையில் சிறு துளையிட்டு ஒளியின் போக்கைச் சோதித்தார். முன்னோர் நூலை நம்புவது கடமையன்று, ஐயுற்று ஆராய்வதே கடமை என்பதும் அவர் கொள்கை. 1200-ஆம் ஆண்டையொட்டி அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழிக்கும் வந்தது. புளோரன்சுச் சிற்பி கிபெர்ட்டி தம் குறிப்புகளில் அதிலிருந்து ஏராளமாக எடுத்தாண்டார்.

கண்ணைப் பற்றிய இந்தக் கல்வி பரவியிருந்த இத்தாலியில்தான், மாடம் கட்டிய அதே பிரூனெலெஸ்கி, தொலைவில் உள்ளவை எந்தக் கணக்கின்படி சிறுத்துத் தோன்றுகின்றன என்பதைப் பலகையும் கண்ணாடியும் கொண்டு நிறுவினார். கோயிலை வரைந்த பலகையில் துளையிட்டு, பின்புறமிருந்து அத்துளை வழியே, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தைப் பார்க்கச் செய்தார். ஓவியமும் உண்மையும் பொருந்தி நின்றன. ஓவியம் கணிதமாயிற்று, கைவினைஞன் அறிஞனானான். 1435-இல் ஆல்பர்ட்டி என்னும் அறிஞர் ஓவியக் கலையைப் பற்றி நூல் எழுதினார். இலத்தீனோடு நில்லாமல் மக்களின் மொழியாகிய இத்தாலியத்திலும் எழுதி, அதன் முன்னுரையைப் பிரூனெலெஸ்கியை நோக்கியே வரைந்தார். ஏடு, கையைத் தேடி வந்தது!

ஆசனத்திலிருந்து இறங்கிய ஆசிரியர்

1543-ஆம் ஆண்டு பாசல் நகரில் ஒரு பெருநூல் அச்சாயிற்று. மனித உடலின் அமைப்பைப் பற்றிய அந்நூலை எழுதியவர் வெசாலியஸ், வயது 28. முதற்பக்கத்துப் படத்தைப் பாருங்கள். ஆசிரியர் ஆசனத்தில் இல்லை. மேசையருகே நிற்கிறார், தம் கையாலேயே உடலை அறுத்துக் காட்டுகிறார். சுற்றிலும் கூட்டம்! கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கேலன் எழுதியிருந்தார். ஒன்றே என்று வெசாலியஸ் காட்டினார். இப்படி எத்தனையோ திருத்தம். படங்களைச் செதுக்கிய மரப்பாளங்கள் வெனிசு நகரில் உருவாகி, ஆல்ப்சு மலை தாண்டிச் சென்றன. ஓவியன் இல்லையேல் அந்த மருத்துவ நூல் இல்லை. அறுத்த கையும் வரைந்த கையும் எழுதிய கையும் ஒன்று சேர்ந்தபோது ஆயிரம் ஆண்டுப் பொய் சரிந்தது.

பிரான்சு நாட்டில் பெர்னார் பாலிசி என்றொரு குயவர் இருந்தார். இலத்தீனும் அறியார், கிரேக்கமும் அறியார். வெண்மெருகு ஏறிய மண்கலம் செய்யும் வழியைக் காண ஆண்டுக்கணக்கில் உழைத்தார். சூளைக்கு விறகு தீர்ந்தபோது வீட்டு மேசையையும் தரைப் பலகையையும் பெயர்த்து எரித்தார். மண்ணையும் நீரையும் கல்லையும் கையாலே அறிந்த அந்தக் குயவர், 1575-இல் பாரிசில் சொற்பொழிவு செய்தார். மருத்துவரும் கற்றோரும் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். தாம் சொல்வது பொய்யென்று மெய்ப்பித்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக விளம்பரம் ஒட்டினார்! பாறையில் காணும் சிப்பி வடிவங்கள் முன்பு உயிரோடிருந்தவற்றின் எச்சங்களே என்றும், ஊற்றுநீர் மழையிலிருந்தே வருகிறது என்றும் வாதிட்டார். பண்டிதர் வந்தனர், கேட்டனர், பணத்தைத் திரும்பப் பெற்றவர் எவருமில்லை என்று அவரே பெருமையுடன் எழுதினார். புராட்டஸ்டண்டாக இருந்த குற்றத்துக்காக முதுமையில் சிறைப்பட்டு, பாஸ்டீல் கோட்டையில் மடிந்தார்.

மொழியையும் இங்கே மறக்கக்கூடாது. ஓவியர், பொற்கொல்லர், கல்தச்சர் ஆகியோருக்காக டியூரர் 1525-இல் எழுதிய அளவைநூல் ஜெர்மன் மொழியில் வந்தது. பாலிசி பிரெஞ்சில் எழுதினார். தமக்கு இலத்தீன் கல்வி இல்லையென்று பிறர் இகழ்வதை அறிந்திருந்த லியோனார்டோ, ஆயிரக்கணக்கான பக்கங்களை இத்தாலியத்தில் எழுதிக் குவித்தார். கையாலே உழைப்பவனின் நாவில் இருக்கும் மொழியில் அறிவு பேசத் தொடங்கியது. அதுவரை ஒரு சிலருக்குள் சுற்றிவந்த அறிவு, ஊருக்குள் நடக்கத் தொடங்கியது.

ஐரோப்பாவின் தனிச்சொத்தா?

இதையெல்லாம் படித்துவிட்டு, ஐரோப்பியர் பிறவியிலேயே அறிவாளிகள் என்று முடிவு கட்டினால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையே. 1206-இல் அல் ஜசாரி என்னும் பொறிவல்லார், இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் அரசவையில் இருந்தபடி, நீர்க்கடிகாரம், நீரிறைக்கும் பொறி என ஐம்பது கருவிகளைப் படத்துடன் விளக்கி நூல் எழுதினார். தாம் கையாலே செய்து பார்த்ததைத்தான் அவர் எழுதினார்.

சீனத்திலே, 1040-களில் பி ஷெங் என்னும் எளிய மனிதர், சுட்ட களிமண்ணால் தனித்தனி எழுத்துகளைச் செய்து, அச்சிட்டுப் பிரித்து மீண்டும் கோக்கும் முறையைக் கண்டார். அவர் அதிகாரியல்லர், பட்டம் பெற்றவரல்லர். ஷென் குவோ என்னும் அறிஞர் தம் நூலில் ஒரு குறிப்பு எழுதி வைத்ததால் அவர் பெயரை அறிகிறோம். எழுதாமல் விட்டிருந்தால்? எத்தனை பி ஷெங்குகளை உலகம் இழந்ததோ! கொரியாவில் 1377-இல் உலோக எழுத்தால் அச்சிட்ட பௌத்த நூல் இன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் மைன்சு நகரில் குட்டன்பர்கு விவிலியத்தை அச்சிட்டு முடித்தது அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னர், ஏறத்தாழ 1455-இல்.

அச்சுப்பொறியைத் தம் கருவியாகவே மதபீடங்கள் முதலில் வரவேற்றன. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதுவும் கிறித்தவ மத வினாவிடைதான். ஆனால் பொறி, தன்னை இயக்குபவனின் மதத்தைக் கேட்பதில்லை. விவிலியத்தை அச்சிட்ட கலையே வெசாலியசையும் அச்சிட்டது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்னிக்கசின் நூலையும், அதே 1543-இல், அச்சிட்டது. அப்போதுதான் ஆபத்து புரிந்தது. 1559-இல் ரோமாபுரி தடை நூற்பட்டியலை வெளியிட்டது. நானூறு ஆண்டுகள் நடப்பிலிருந்த அந்தப் பட்டியல் 1966-இல்தான் ஒழிந்தது.

ஓவியன் கூண்டில் நின்றான்

நூலைத் தடுத்தவர் ஓவியத்தை விடுவார்களா? 1563-இல் டிரெண்ட் பேரவை, கோயில்களில் ஓவியம் எப்படி இருக்கவேண்டும் என்று விதி செய்தது. மைக்கலாஞ்சலோ 1541-இல் முடித்திருந்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தின் ஆடையற்ற உருவங்களுக்கு ஆடை வரைய, 1565-இல் வோல்டெரா ஊர் டேனியேலை ஏவினர். பாவம், நல்ல ஓவியராகிய அவருக்குக் 'கால்சட்டை தைப்பவர்' என்ற பட்டப்பெயர்தான் மிஞ்சியது!

1573 ஜூலை 18. வெனிசு நகரில் மதவிசாரணை மன்றத்தின் முன் பாவோலோ வெரோனீஸ் என்னும் ஓவியர் நிறுத்தப்பட்டார். அவர் செய்த குற்றம் என்ன? மடத்தின் உணவுக்கூடத்துக்கு ஏசுவின் இறுதி விருந்தை 12 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் வரைந்தார். அந்த விருந்தில் கிளி ஏந்திய கோமாளி இருந்தான். மூக்கில் குருதி வழியும் பணியாள் இருந்தான். ஈட்டி தாங்கிய ஜெர்மானிய வீரர் குடித்துக்கொண்டிருந்தனர். இவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டனர் குருமார். கவிஞர்க்கும் பித்தர்க்கும் உள்ள உரிமை ஓவியர்க்கும் உண்டு என்றும், இடம் மீதியிருந்தால் தம் கற்பனைப்படி உருவங்களால் அணிசெய்வது வழக்கம் என்றும் விடை சொன்னார் வெரோனீஸ். மூன்று திங்களுக்குள் தம் செலவில் திருத்தவேண்டும் என்று மன்றம் ஆணையிட்டது. அவர் திருத்தியது என்ன? பெயரை! 'இறுதி விருந்து' என்பதை 'லேவி வீட்டு விருந்து' என்று மாற்றி எழுதினார். கோமாளியும் கிளியும் குடிகாரரும் இன்றும் வெனிசுக் கலைக்கூடத்தில் அப்படியே இருக்கின்றனர். விசாரித்தவர் எவர் என்று கேட்பார் இல்லை.

பெண்ணின் கைக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். ரோமாபுரியில் ஆர்ட்டிமிசியா ஜென்டிலெஸ்கி என்னும் இளம் ஓவியர். தந்தையோடு பணியாற்றிய ஓவியன் ஒருவன் அவரைக் கெடுத்தான். 1612-இல் வழக்கு நடந்தது. குற்றம் செய்தவனை விடுத்து, குற்றத்துக்கு ஆளானவரின் விரல்களைக் கயிற்றால் இறுக்கி, உண்மைதானா என்று கேட்டனர்! தூரிகை பிடிக்கும் விரல்களை இறுக்கினர். உண்மை, உண்மை என்றே அவர் உரைத்தார். குற்றவாளி பெற்ற தண்டனை பெயரளவில் நின்றது. ஆர்ட்டிமிசியாவோ புளோரன்சு சென்று, 1616-இல் அந்நகர ஓவியக் கழகத்தில் உறுப்பினராக ஏற்கப்பட்ட முதற்பெண் ஆனார். இறுக்கிய கயிறு எங்கே? அந்த விரல்கள் தீட்டிய ஓவியங்கள் உலகின் பெருங்கூடங்களில் தொங்குகின்றன.

நிலவிலே மலை

ஏடும் கையும் கண்ணும் கூடிய காட்சியின் உச்சம் 1609-இல் வந்தது. நிலவு மாசற்ற பளிங்கு உருண்டை என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த கோட்பாடு. அவ்வாண்டு கோடையில், கலிலியோவுக்கும் முன்னதாக, இங்கிலாந்தின் ஹேரியட் என்னும் கணித வல்லுநர் தொலைநோக்கியால் நிலவைப் பார்த்து வரைந்தார். ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஒழுங்கற்ற கோடு ஒன்றைக் கண்டார், மலையைக் காணவில்லை. அவ்வாண்டின் இறுதியில் கலிலியோ பார்த்தார். ஓவியக் கலை பயின்ற கண் அவருடையது. கதிரவன் ஏற ஏற, நிலவின் கரும்புள்ளிகள் சுருங்குவதைக் கண்டார். மேட்டின் நிழலை எப்படித் தீட்டுவது என்று அறிந்தவர்க்கு, நிழலைக் கண்டதும் மேடு புலப்பட்டது. நிலவில் மலைகள்! கலை பயின்ற கண்ணே அதைக் கண்டது என்று கலை வரலாற்று ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். 1610-இல் படங்களோடு நூல் வெளியாயிற்று.

கலிலியோவின் நண்பர் சிகோலி என்னும் ஓவியர். ரோமாபுரியில் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல் எழுப்பிய சிற்றாலயத்தின் மாடத்தில் மரியாளை வரையும் பணி அவரிடம் வந்தது. மரியாளின் பாதத்தின் கீழ் நிலவு இருக்கும். மாசற்றவளுக்கு மாசற்ற நிலவு என்பது மரபு. 1612-இல் சிகோலி தீட்டி முடித்த நிலவிலே குழிகளும் மேடுகளும் இருந்தன! தொலைநோக்கி கண்ட உண்மை, போப்பாண்டவரின் கூரையிலேயே ஏறி அமர்ந்துகொண்டது. அதே போப்பாண்டவரின் ஆட்சியில், 1616-இல், பூமி சுழல்கிறது என்பது பொய், வேத நூலுக்கு முரண் என்று ஆணை பிறந்தது. 1633-இல் முதியவர் கலிலியோவை மண்டியிட வைத்து மறுத்துரைக்கச் செய்தனர். மேலே மாடத்தில் நிலவு மட்டும் மண்டியிடவில்லை.

வீட்டுக் காவலிலும் கலிலியோ எழுதினார். 1638-இல் லெய்டன் நகரில் அச்சான அவருடைய கடைசிப் பெருநூல் எப்படித் தொடங்குகிறது? வெனிசின் கப்பல் கட்டும் தளத்தைப் புகழ்ந்து தொடங்குகிறது! அங்கே உழைக்கும் கைவினைஞரோடு உரையாடித் தாம் கற்றது பெரிது என்று பாத்திரங்களின் வாயிலாகச் சொல்கிறார். இயற்பியலின் புதிய ஏடு, தச்சனுக்கு வணக்கம் சொல்லித் திறந்தது. அவருக்கு இழைத்த தவற்றைப் போப்பாண்டவர் ஒப்புக்கொண்டது 1992-இல்.

எரிந்த ஏடுகள்

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் கண் திறந்த அதே நூற்றாண்டில், கடலுக்கு அப்பால் ஐரோப்பியரே பிறர் கண்ணைக் குத்தினர். 1562-இல் யுகாட்டான் நாட்டின் மானி என்னும் ஊரில், டியேகோ டி லாண்டா என்னும் துறவி, மாயா மக்களின் ஏடுகளைக் குவித்து எரித்தார். தெய்வக் குற்றம் என்றார். பேயின் பொய் என்றார். சுழியத்தை எழுதத் தெரிந்த மக்கள், வெள்ளியின் உலாவைக் கணித்த மக்கள், கண்ணெதிரே தம் அறிவு சாம்பலாவதைக் கண்டு கதறினர். மாயா எழுத்தேடுகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே! சிகோலிக்குக் கிடைத்த மாடம் அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. உண்மை எப்படியும் வெல்லும் என்று உறங்கிவிடலாகாது என்பதற்கு மானியின் சாம்பலே சான்று. காக்கும் கரங்கள் இருந்த இடத்தில் உண்மை பிழைத்தது. இல்லாத இடத்தில் எரிந்தது.

எப்படிப் படிப்பது?

உலகக் கலைகளையும் பண்பாடுகளையும் கற்கப் புகும் இளைஞர்களே! அழகைக் கண்டு வியப்பது முதற்படி. அங்கேயே நின்றுவிட்டால் அருங்காட்சியகத்துக் காவலரைவிட நாம் ஒன்றும் அதிகம் அறிந்தவராக மாட்டோம். ஒரு மாடத்தின் முன் நின்றாலும், ஓர் ஓவியத்தின் முன் நின்றாலும், மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைச் செய்த கை எவருடையது? இதற்குக் கொடுத்த காசு எவருடையது, எங்கிருந்து திரண்டது? இதைப் பார்க்கவும் படிக்கவும் பேசவும் உரிமை பெற்ற கண் எவருடையது, உரிமை மறுக்கப்பட்ட கண் எவருடையது?

இந்தக் கேள்விகளோடு புறப்பட்டால் புளோரன்சின் மாடத்தில் கம்பளித் தொழிலாளியைக் காணலாம்; மரியாளின் ஆடையில் படக்‌ஷான் சுரங்கத் தொழிலாளியைக் காணலாம்; உடற்கூற்று நூலில் மரப்பாளம் செதுக்கியவனைக் காணலாம்; கலிலியோவின் வாக்கியத்தில் கப்பல் தச்சனைக் காணலாம். அவர்களைக் கண்ட கண், தன் ஊரிலே உளி பிடிப்பவனையும் சக்கரம் சுற்றுபவனையும் தறியில் அமர்ந்திருப்பவனையும் தாழ்வாகப் பார்க்க மறுக்கும். அவன் பிள்ளையின் கையில் ஏட்டையும், ஏட்டை மட்டுமே அறிந்த பிள்ளையின் கையில் உளியையும் கொடுக்கத் துணியும்.

படிப்பவன் தொடட்டும், தொடுபவன் படிக்கட்டும். ஐந்நூறு ஆண்டு வரலாறு நம் வகுப்பறைகளுக்குச் சொல்லும் பாடம் இது. மணி அடித்தாலும் மூடவேண்டாம், இந்த ஏட்டை!